கார் இழுத்துச் செல்லும் சொகுசு வீடு

ஹாலிவுட் படங்களில் வெள்ளி நிறத்தில், பெரிய மாத்திரை போன்ற ஒரு வண்டியை காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஏர்ஸ்ட்ரீம். அமெரிக்காவில் இந்த வகை வண்டிக்கு டிராவல் ட்ரெய்லர் என்று பெயர். வாலி பையம் என்பவர் 1931ல் தொடங்கிய கம்பெனி இது. ஒஹாயோ மாநிலத்தின் ஜாக்சன் சென்டர் என்ற சிற்றூரில் இன்றும் தயாராகிறது. 1969ல் நிலவிலிருந்து திரும்பிய ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரையும் நாசா தனிமைப்படுத்தி வைத்தது, மாற்றியமைக்கப்பட்ட ஒரு ஏர்ஸ்ட்ரீமில்தான்!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

இவர்களது சொகுசு மாடல், கிளாசிக் 33 எஃப்.பி. பெயரைப் பிரித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். 33 என்பது அடிக்கணக்கில் நீளம். எஃப்.பி. என்றால் ஃப்ரண்ட் பெட், அதாவது படுக்கை முன்பக்கம். அதை அடுத்து குளியலறை, பிறகு சமையல் மேடை, கடைசியில் பெரிய ஜன்னல்களுடன் உட்காரும் இடம். சாமான்களோடு சேர்த்து அதிகபட்சம் 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,500 கிலோ எடை இருக்கலாம். அதில் 10 முதல் 15 சதவீதம் முன்னால் இழுக்கும் வண்டியின் கொக்கியில் இறங்க வேண்டும். குறைந்தால் ட்ரெய்லர் ரோட்டில் பாம்பு போல ஆட ஆரம்பித்துவிடும். அதனால் எந்த சாமான் எங்கே என்பது அழகுக்காக மட்டும் முடிவு செய்யப்படுவதில்லை.

என்னைக் கவர்ந்தது சோஃபாவோ மர வேலைப்பாடோ அல்ல. கரண்ட்! முகாமில் நிறுத்தியதும் வெளியிலிருந்து ஒரு தடிமனான ஒயரைச் செருகுவார்கள். அமெரிக்காவில் 120 வோல்ட். 30 ஆம்பியர் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட்தான். ஏ.சி., மைக்ரோவேவ், ஹீட்டர் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். பெரிய மாடல்களுக்கு 50 ஆம்பியரில் இரண்டு லைன் வரும். அது 12,000 வாட்.

ஒயர் இல்லாத காட்டில் நிறுத்தினால்? பேட்டரிதான். 12 வோல்ட், 100 ஆம்பியர் அவர் பேட்டரி இரண்டு இருந்தால் 2,400 வாட் அவர். லெட் ஆசிட் வகையில் பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரி சீக்கிரம் கெட்டுவிடும். ஆக கையில் இருப்பது 1,200. 60 வாட் லேப்டாப்பை, இன்வெர்ட்டர் இழப்பு போக, சுமார் 17 மணி நேரம் ஓட்டலாம். 1,500 வாட் ஏ.சி. ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

இதே கணக்கை உங்கள் வீட்டு யு.பி.எஸ்ஸுக்கும் போட்டுப் பாருங்கள். சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரி ஒன்றுதான் இருக்கும். வெறும் 84 வாட் அவர்! கம்ப்யூட்டரும் மானிட்டரும் 150 வாட் இழுத்தால் கணக்குப்படி அரை மணி. நிஜத்தில் பேட்டரியை வேகமாக உறிஞ்சும்போது அதில் பாதிகூட வராது. எனவே கரண்ட் போனதும் ஃபைலை சேவ் செய்து, முறையாக ஷட் டவுன் செய்துவிடுங்கள். லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்ஸில் மாட்டவே மாட்டாதீர்கள்.

ட்ரெய்லரில் இன்னொரு வேடிக்கை. அலுமினிய உடம்பு ரேடியோ அலைகளைத் தடுக்கும் என்பதால் ஜன்னலை விட்டு உள்ளே தள்ளிப் போனால் செல்போன் சிக்னல் குறையும். கூரையில் ஆன்டெனா வைத்து, உள்ளே ரவுட்டர் மூலம் வை-ஃபை கொடுப்பதுதான் இதற்கு வழி. உங்கள் ரவுட்டரை இரும்பு பீரோ மேலோ அதன் பின்னாலோ வைத்திருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள்!

2018ல் கிளாசிக் மாடலுக்கு ஸ்மார்ட் கன்ட்ரோல் என்ற வசதி வந்தது. விளக்கு, ஏ.சி., வெளிக்கூரைத் துணி, தண்ணீர் டேங்க் அளவு எல்லாம் போனிலேயே தெரியும், இயக்கலாம். வசதிதான். ஆனால் சாஃப்ட்வேர் எழுதுகிற நான் வாங்குவதாக இருந்தால் (விலையைப் பார்த்தால் இந்த ஜென்மத்தில் இல்லை!) டீலரிடம் முதலில் கேட்பது இதைத்தான்: போன் தண்ணீரில் விழுந்துவிட்டால் சுவரில் எந்தெந்த சுவிட்ச் வேலை செய்யும்?