ஆப்ஷன் டிரேடிங்கின் ‘தாத்தா’ ஒரு தத்துவஞானியா? ஆலிவ் செக்கில் காசு பார்த்த தேலீஸ்!

“தத்துவம் படிச்சா சோறு கிடைக்குமா?” இந்தக் கேள்வி இன்று நேற்று வந்ததல்ல. சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்க தத்துவஞானி தேலீஸையும் இப்படித்தான் கிண்டல் செய்தார்களாம். அதற்கு அவர் கொடுத்த பதிலடி, இன்றைய பங்குச்சந்தை வரை பேசப்படுகிறது.

அப்படி என்ன செய்தார்?

தேலீஸின் ஊர் மிலேட்டஸ். இப்போது துருக்கியில் இருக்கிறது. வானத்தைக் கவனித்து, வரும் பருவத்தில் ஆலிவ் அமோகமாக விளையும் என்று கணித்தார். குளிர்காலத்திலேயே மிலேட்டஸிலும் கியோஸ் தீவிலும் இருந்த செக்குகள் அனைத்துக்கும் சின்னத் தொகையை அட்வான்ஸ் கொடுத்து வைத்தார். சீசன் இல்லாத நேரம், போட்டிக்கு ஆளில்லை, வாடகையும் மலிவு. அறுவடை வந்ததும் ஊரே செக்கைத் தேடி ஓடியது. அப்புறம் என்ன, தேலீஸ் சொன்னதுதான் ரேட்!

இதை ‘அரசியல்’ என்ற நூலில் எழுதியவர் அரிஸ்டாட்டில். தத்துவஞானிகள் நினைத்தால் பணக்காரர் ஆகலாம், ஆனால் அவர்களின் அக்கறை அதில் இல்லை என்பதே அவர் சொல்லும் கருத்து.

ஆப்ஷனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

விளைச்சல் பொய்த்திருந்தால் தேலீஸுக்கு அட்வான்ஸ் மட்டும்தான் நஷ்டம். விளைந்தாலோ லாபத்துக்கு அளவில்லை. இன்றைய ‘கால் ஆப்ஷன்’ வாங்குவதும் இதே கணக்குதான். 2012-ல் வெளியான ‘ஆன்டிஃப்ரஜைல்’ நூலில் நசீம் தாலேப் ஒரு படி மேலே போகிறார். தேலீஸை ஜெயிக்க வைத்தது வானியல் அறிவு அல்ல, தப்பினாலும் தாங்கக்கூடிய அந்த ஏற்பாடுதான் என்பது அவரது வாதம்.

மொத்தமாக வளைத்தால்?

அரிஸ்டாட்டில் இன்னொரு கதையும் சொல்கிறார். சிசிலியில் ஒருவர் இரும்பு முழுவதையும் வாங்கிக் குவித்தார். வேறு யாரிடமும் சரக்கு இல்லாததால், விலையை அதிகம் ஏற்றாமலேயே 50 தாலந்து முதலுக்கு 100 தாலந்து லாபம் பார்த்தார். விஷயம் ஆட்சியாளர் டயோனிசியஸ் காதுக்குப் போனது. பணத்தை எடுத்துக்கொள்ள அனுமதித்தவர், ஆளை சிராகூஸை விட்டே வெளியேற்றிவிட்டார். ஏகபோகத்தை அரசுகள் சந்தேகத்தோடு பார்ப்பது அன்றே தொடங்கிவிட்டது.

நமக்கு என்ன பாடம்?

‘சின்ன பணம், பெரிய லாபம்’ என்று நம்பி ஆப்ஷனில் இறங்குபவர்கள் இங்கே ஏராளம். ஆனால், 2021-22 முதல் 2023-24 வரையிலான 3 நிதியாண்டுகளில், பியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸில் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்ததாக செபி ஆய்வு கூறுகிறது. அவர்கள் இழந்த மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல்!

வித்தியாசம் எங்கே? தேலீஸை எதிர்த்து ஏலம் கேட்க யாருமில்லை. நம் எதிரே கம்ப்யூட்டர் புரோகிராமோடு பெரிய நிறுவனங்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவர் அட்வான்ஸ் கொடுத்தது ஒரே தடவை. நம்ம ஆட்களோ வாராவாரம் பிரீமியம் கட்டுகிறார்கள், சின்னச் சின்னதாகப் போய் கடைசியில் பெரிய தொகை ஆகிவிடுகிறது. ஆப்ஷனை விற்பவர்களுக்கோ நஷ்டம், வாங்கிய பிரீமியத்தைத் தாண்டியும் பல மடங்கு போகலாம்.

எந்தத் தொழிலில் பணம் போடும் முன்பும் தேலீஸின் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். இந்த அட்வான்ஸ் முழுசா போனாலும் அடுத்த மாத வீட்டு வாடகையும் பிள்ளைகளின் ஃபீஸும் தடையில்லாமல் கட்ட முடியுமா? ‘முடியாது’ என்றால் அதில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.