குளிரவும் கூடாது, காற்றும் அடிக்கக் கூடாது! - பிரிட்டன் விளையாட்டு அரங்குகளின் பாய்லர் தலைவலி

நம்மூர் இண்டோர் பேட்மின்டன் கோர்ட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. சட்டையைப் பிழியும் அளவுக்கு வியர்த்தாலும், ஆட்டம் முடியும்வரை ஃபேன் போட மாட்டார்கள். சுமார் 5 கிராம் எடையுள்ள இறகுப்பந்து லேசான காற்றுக்கே பாதை மாறிவிடும்.

பிரிட்டனில் இதே கதை தலைகீழ். அங்கே அரங்கைச் சூடாக்கியே ஆக வேண்டும். ஆனால், சூடான காற்று பந்தைத் தொடக் கூடாது. இந்த வேலையைச் செய்யும் பாய்லர்களுக்குத்தான் இப்போது வயதாகிவிட்டது.

1960, 70-களில் பிரிட்டன் உள்ளாட்சிகள் ஊருக்கு ஊர் விளையாட்டு அரங்குகளைக் கட்டின. காலையில் பள்ளிப் பிள்ளைகள், மதியம் முதியவர்களின் டேபிள் டென்னிஸ், இரவு கிளப் ஆட்டங்கள் என இன்றும் அவை பிஸிதான். ஆனால், இங்கிலாந்தின் பொது விளையாட்டு அரங்குகளில் பத்தில் ஆறு, ஆயுட்காலத்தைத் தாண்டியவை அல்லது புதுப்பிக்க வேண்டியவை.

சூடு எங்கே போகிறது?

கூரை 7, 8 மீட்டர் உயரம். சூடான காற்றுக்கு மேலே போவதுதான் இயல்பு. பழைய பாணியில் வெப்பக் காற்றை ஊதினால், அது கூரைக்கடியில் தங்கிவிடும். ஆடுபவர்கள் கீழே நடுங்க, பணம் மேலே கரையும்.

இதற்குத் தீர்வு, கூரையில் தொங்கும் வெப்பத் தகடுகள். குளிர்கால வெயில் நம் முதுகைச் சுடுவதுபோல, இவை காற்றை அசைக்காமல் ஆட்களையும் தரையையும் நேரடியாகச் சூடாக்கும். ஓடியாடும் இடத்துக்குச் சுமார் 16 டிகிரி செல்சியஸ் இருந்தாலே போதும்.

பாய்லரை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுக்கும் 'ஹீட் பம்ப்', 1 யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 3 யூனிட் வெப்பம் தரும். கேட்கவே இனிக்கிறது. ஆனால், பழைய குழாய்களும் ரேடியேட்டர்களும் 80 டிகிரி வெந்நீருக்காக அமைக்கப்பட்டவை. ஹீட் பம்ப் சிக்கனமாக ஓடுவது 50 டிகிரியை ஒட்டித்தான். எனவே ரேடியேட்டர்களைப் பெரிதாக்க வேண்டும், கூரையில் வெப்பம் கசிவதைத் தடுக்க வேண்டும். தவிர, அங்கே எரிவாயுவைவிட மின்சாரத்தின் விலை பல மடங்கு அதிகம். கணக்குப் பார்க்காமல் மாற்றினால், பில் குறைவதற்குப் பதில் ஏறிவிடும்.

இன்னொரு சிக்கல், ஆஸ்பெஸ்டாஸ். பிரிட்டனில் இதற்கு முழுத் தடை வந்தது 1999-ல்தான். அதற்கு முன் கட்டிய பாய்லர் அறைகளில், குழாய் உறைகளில் அது இருக்கலாம். பரிசோதிக்காமல் ஒரு குழாயைக்கூட அறுக்க முடியாது.

அரங்கை மாதக்கணக்கில் மூடினால், கிளப்புகள் வேறு இடம் தேடிப் போய்விடும். அதனால் பெரிய வேலைகளைக் கோடையில் வைத்துக்கொள்கிறார்கள். வேலை குளிர்காலத்துக்கு இழுத்தால், லாரியில் வரும் வாடகை பாய்லர் கைகொடுக்கும்.

கம்ப்யூட்டர் சூட்டில் நீச்சல்

2022-ல் எரிவாயு விலை எகிறியபோது பல நீச்சல் குளங்கள் மூடப்பட்டன. டெவன் பகுதியில் உள்ள எக்ஸ்மவுத் விளையாட்டு மையமும் பில்லைப் பார்த்து மிரண்டது. அதற்கு 'டீப் கிரீன்' நிறுவனம் ஒரு வழி சொன்னது. வாஷிங் மெஷின் அளவுள்ள பெட்டியில் கம்ப்யூட்டர்கள்; அவற்றைச் சுற்றி எண்ணெய். கம்ப்யூட்டர்கள் வெளிவிடும் சூட்டை எண்ணெய் வாங்கி, குளத்து நீருக்குக் கொடுக்கும். பெரும்பாலான நேரம் நீரைச் சுமார் 30 டிகிரியில் வைத்திருக்க இதுவே போதும் என 2023-ல் அறிவிக்கப்பட்டது. அந்தக் கம்ப்யூட்டர்களுக்கான மின்கட்டணம், நிறுவனத்தின் பொறுப்பு. ஆனாலும் பழைய பாய்லரைக் கழற்றி எறியவில்லை. மீதி நேரத்துக்கு அதுவும் தேவை.

அதே 2023 மார்ச்சில், குளமுள்ள விளையாட்டு மையங்களுக்காக 6.3 கோடி பவுண்டு உதவியை பிரிட்டன் அரசு அறிவித்தது. குளம் இல்லாத அரங்குகளுக்கு அந்த உதவியில் பங்கு இல்லை.

ஒரு பாய்லர் நின்றுபோனால், வசதியுள்ளவர்கள் தனியார் ஜிம்முக்குப் போய்விடுவார்கள். வாரம் இருமுறை டேபிள் டென்னிஸ் ஆட வரும் 70 வயதுப் பாட்டிக்கும், பள்ளி முடிந்து ஓடி வரும் பிள்ளைக்கும் அந்த அரங்கை விட்டால் வேறு இடம் இல்லை.