லாரிப் பட்டறையும் லினக்ஸும்

நாமக்கல் பக்கம் போயிருக்கிறீர்களா? சாலையோரப் பட்டறைகளில் பாதி கட்டிய லாரிகள் நிற்பதைக் காணலாம். தொழிற்சாலையிலிருந்து எஞ்சினும் சக்கரங்களும் பொருத்திய சேஸ் வருகிறது. அதன்மேல் பாடி கட்டுவது பட்டறைக்காரர் வேலை. ஒன்று சரக்கு லாரியாகிறது, மற்றொன்று டேங்கராகிறது. திருச்செங்கோட்டிலோ ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியாகிவிடும். சேஸ் செய்த கம்பெனி, "எங்கள் வண்டியில் யாரும் ஒரு துளைகூடப் போடக் கூடாது" என்று தடுத்திருந்தால் இந்தத் தொழில் இங்கே வளர்ந்திருக்குமா?

கணிப்பொறி மென்பொருளில் அப்படித் தடுப்பது வெகு சாதாரணம். நிரல் எழுதுபவர் மனிதர் படிக்கத்தக்க வடிவில்தான் அதை எழுதுகிறார். இது மூல நிரல் எனப்படும். கம்பைலர் என்னும் மற்றொரு நிரல் அதை 0, 1 என்ற இலக்கங்களாக மாற்றுகிறது. நாம் விலைக்கு வாங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வடிவத்தைத்தான். அதிலிருந்து மூலத்தை மீட்பது, பொரித்த முறுக்கைப் பார்த்து மாவின் பக்குவத்தைச் சொல்வது போலாகும்.

1980 வாக்கில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவருக்கு ஓர் அச்சுப்பொறி தொல்லை கொடுத்தது. காகிதம் சிக்கினால் உடனே செய்தி அனுப்பும்படி, பழைய அச்சுப்பொறியின் நிரலை அங்கே திருத்தி வைத்திருந்தனர். புதிய பொறிக்கு மூல நிரல் கிடைக்கவில்லை, கேட்டும் மறுக்கப்பட்டது. ஒரு காகிதச் சிக்கல் எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்! எவரும் இயக்கவும், படிக்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமையுள்ள மென்பொருள்களை உருவாக்க, 1983-இல் அவர் க்னூ திட்டத்தை அறிவித்தார்.

1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பின் கருவை வெளியிட்டார். அப்போது அது ஏறத்தாழ 10,000 வரிகள். உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதியதால் இன்று 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளே இருப்பதும் இந்தக் கருதான்.

லினக்ஸைச் சேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெபியன் குழுவினர் அதன்மேல் ஒரு பாடி கட்டினர். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் அதை எடுத்து, இந்திய மொழிகளுக்கேற்ப அமைத்து, 2007-இல் பாஸ் என்ற பெயரில் வெளியிட்டது. யாருடைய தனி அனுமதியும் தேவைப்படவில்லை. தமிழுக்கு இது பெரிய விஷயம். வணிக நிறுவனம் ஒரு மொழியில் இறங்குமுன் லாபக் கணக்குப் பார்க்கும். லிப்ரே ஆபீஸ், கேடிஇ போன்றவற்றின் பட்டியல்களையோ தன்னார்வலர்களே உட்கார்ந்து தமிழாக்க முடிந்தது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினி ஒன்று, அக்காவுடையதோ அண்ணனுடையதோ, அலமாரியில் கிடக்கிறதா? அவற்றில் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றன. ஆனால் பொறி கெட்டுவிடவில்லை. குறைந்த நினைவகத்தில் ஓடும் லினக்ஸ் வகைகள் உண்டு. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, சரிப்பட்டால் நிறுவிக்கொள்ளலாம். செலவு பென் டிரைவுக்கு மட்டும்தான்.

குறை இல்லாமலில்லை. ஃபோட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குப் போனால் அங்கே ஃபோட்டோஷாப் இருக்கும். கிம்ப் பழகியவர் கொஞ்சம் திணறத்தான் செய்வார். சில பழைய அச்சுப்பொறிகளும் முரண்டு பிடிக்கும்.

பிளஸ் டூவில் பைத்தான் படிப்பவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். அதுவும் திறமூல மென்பொருள்தான். ஐடில் திரையில் 'ஃபைல்' பட்டியலுக்குப் போய் 'ஓப்பன் மாட்யூல்' என்பதைத் தேர்ந்து, 'ராண்டம்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். நீங்கள் வகுப்பில் பயன்படுத்தும் அதே நிரலின் மூலம் முழுவதும் திரையில் விரியும். அதில் 'ஷஃபிள்' என்ற செயற்கூறைத் தேடுங்கள். சீட்டுக்கட்டைக் கலைப்பது போல ஒரு பட்டியலைக் கலைக்கும் வேலை, சில வரிகளில் முடிந்திருக்கும். ஒரு தாளில் ஐந்து எண்களை எழுதி, அந்த வரிகளின்படி நீங்களே கையால் கலைத்துப் பாருங்கள். நிரலில் எதையாவது மாற்றிப் பார்க்க ஆசை வந்தால், முதலில் வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.