சொல்லாமலே கிடைப்பது: பைத்தான் மொழியில் இயல்பு மதிப்பு



நம் ஜோர்ஜ்டவுன் உணவுக் கடைகளில் "தே" என்று மட்டும் சொன்னால் கட்டிப்பால் கலந்த இனிப்புத் தேநீர் வரும். "தே ஓ" என்றால் பால் இராது, சீனி இருக்கும். "தே ஓ கோசோங்" என்றால் இரண்டுமே இரா. ஒன்றும் சொல்லாதவர்க்கு வழக்கமானதைக் கொடுப்பது கடையின் மரபு. கணினி மொழியிலும் இம்மரபு உண்டு. அதனையே நாம் இயல்பு மதிப்பு என்கிறோம்.

பைத்தான், நெதர்லாந்து நாட்டவரான குய்டோ வான் ரோசம் என்பவர் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழியாகும். 2008இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல், நாம் ஆக்குவனவற்றுக்குத் தமிழெழுத்திலேயே பெயர் சூட்டலாம். ஒரே வகைப் பொருள்கள் பலவற்றை வார்க்கும் அச்சு 'கிளாஸ்' எனப்படும். அப்பொருள் செய்யும் வேலை 'மெத்தட்' எனப்படும். கடை என்னும் அச்சில் ஒரு மெத்தட்டின் தலைப்பு இவ்வாறு அமையலாம்:

கலக்கு(தன், பானம், பால்="உண்டு", சீனி="உண்டு")

'தன்' என்பது அப்பொருளையே குறிக்கும். அதனைப் பைத்தானே நிரப்பிக் கொள்ளும். பானத்தின் பெயரை நாம் கட்டாயம் கொடுத்தல் வேண்டும். மற்ற இரண்டையும் கொடாவிடின், சமக்குறிக்கு வலப்புறம் உள்ளதே கொள்ளப்படும்.

நம்கடை.கலக்கு("தே")
நம்கடை.கலக்கு("தே", பால்="இல்லை")

முன்னதில் பாலும் சீனியும் உண்டு. பின்னது தே ஓ. இயல்பு மதிப்பு உடையவை, அஃது இல்லாதவற்றுக்குப் பின்னரே நிற்றல் வேண்டும். வரிசை மாறினால் பைத்தான் ஏற்காது.

இனி, பலரும் இடறும் இடத்தைக் காண்போம். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் பட்டியல் வேண்டி, மதிப்பெண்=[] என வெற்றுப் பட்டியலை இயல்பு மதிப்பாக வைப்பதாகக் கொள்வோம். முதல் மாணவனின் பட்டியலில் 80 சேர்க்கிறோம். இரண்டாம் மாணவியின் பட்டியலைத் திறந்தால் அங்கும் 80 இருக்கிறது! காரணம் யாது? பைத்தான் இயல்பு மதிப்பை, மெத்தட்டின் வரையறையைப் படிக்கும்போது ஒரே ஒரு முறைதான் ஆக்குகிறது. அழைக்குந்தோறும் புதிதாக ஆக்குவதில்லை. ஆகவே பட்டியல் கொடாத அனைவரும் ஒரே ஏட்டில் எழுதுகின்றனர். எண்ணும் எழுத்துத் தொடரும் தம்முள் மாறாதவை. அவற்றால் இத்தீங்கு நேராது. பட்டியலோ மாறக்கூடியது.

தீர்வு எளிது. ஒன்றுமில்லை எனப் பொருள்படும் 'நன்' என்பதை இயல்பு மதிப்பாக வைத்து, உள்ளே, "நன் ஆயின் புதிய பட்டியல் ஆக்குக" என்று எழுதிவிட வேண்டும். அப்போது ஒவ்வொருவர்க்கும் தனித்தனி ஏடு கிடைக்கும்.

மாணவர்களே! ஒரு பொருளை மட்டும் ஆக்கிச் சோதித்தால் இப்பிழை வெளிப்படாது. இரண்டு பொருள்களை ஆக்கிச் சோதியுங்கள். ஒருவர் பெற்ற மதிப்பெண் மற்றொருவர் கணக்கில் ஏறுவது சிறு பிழையன்று. நாம் சொல்லாது விட்ட இடத்தில் எது வந்து அமரும் என்பதை அறிந்தே எழுதுவோமாக!