ஒரே ஆளியிற் பல வலையமைப்புக்கள்

கல்லூரி ஒன்றின் அலுவலகத்திலே பரீட்சைப் புள்ளிகளும் கட்டணக் கணக்குகளும் அடங்கிய கணினிகள் உள்ளன என்று கொள்வோம். மேல்மாடியிலே மாணவர் பயிலும் கணினிக்கூடம் உளது. ஈரிடத்துக் கம்பிகளும் வந்து பொருந்துவது ஒரே பெட்டியில். இப்பெட்டியை ஆளி என்பர். கோயிற் றூண்களிற் பிளந்த வாயோடு நிற்கும் ஆளியை ஈண்டு நினைத்தல் வேண்டா. சொல் ஒன்றாயினும் பொருள் வேறு.

வாங்கிய நிலையிலேயே ஆளியை விட்டுவிட்டால், கூடத்திலுள்ள மாணவன் அலுவலகக் கணினியை நேரே சென்று தட்டுவதற்கு வழி திறந்தே கிடக்கும். இரண்டு ஆளிகளை வாங்கி வேறு வேறாகக் கம்பி இழுத்தல் ஒரு பரிகாரம். ஒன்றையே பலவாகப் பகுத்து ஆளுதல் மற்றொன்று. அவ்வாறு பகுத்த ஒவ்வொரு பிரிவும் மெய்நிகர் இடத்துரி வலையமைப்பு, சுருக்கமாக வீலான், எனப்படும்.

வலையமைப்பிலே செய்தி சட்டகம் என்னும் சிறு கட்டுக்களாகச் செல்கின்றது. ஆளியானது வரும் சட்டகத்தின் அனுப்புநர் முகவரியை நோக்கி, இன்ன கணினி இன்ன துறையில் உளது எனக் குறித்துக்கொள்ளும். பெறுநர் எத்துறையினர் என்று அறியாவிடத்தும், எல்லார்க்கும் உரிய சட்டகம் வந்தவிடத்தும், வந்த துறை ஒழிந்த ஏனைய துறைகள் யாவற்றுக்கும் அதனை அனுப்பிவிடும். வீலான் வகுத்தபின் இப்பரம்பல் அவ்வீலானின் எல்லையோடு நின்றுவிடும்.

ஓர் ஆளியிலிருந்து மற்றோர் ஆளிக்குச் செல்லும் ஒரே கம்பியிற் பல வீலான்களின் சட்டகங்களும் கலந்து போகுமாயின், அவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? 1998ஆம் ஆண்டில் வெளியான 802.1கியூ என்னும் நியமம் இதற்கு விடை தந்தது. சட்டகத்தினுள்ளே 4 பைற்று நீளமான ஓர் அடையாளச்சீட்டு இடப்படும். அதில் 12 பிற்றுக்கள் வீலான் எண்ணுக்கு உரியன. 4096 எண்கள் கிடைப்பினும், 0, 4095 ஆகிய இரண்டும் ஒதுக்கப்பட்டமையால் 4094 வீலான்களே வகுக்கலாம். கல்லூரி ஒன்றுக்கு மூன்றோ நான்கோ போதும்.

இனிச் செயன்முறை. 24 துறைகள் உள்ள சிஸ்கோ ஆளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் வீலான் 10 அலுவலகத்துக்கும், 20 கணினிக்கூடத்துக்கும் ஆக்கப்படும். 1 முதல் 8 வரையுள்ள துறைகள் 10க்கும், 9 முதல் 22 வரையுள்ளவை 20க்கும் அணுகல் துறைகளாக ஒதுக்கப்படும். 24ஆம் துறை அடுத்த ஆளிக்குச் செல்லும் ட்ரங்க் துறை. பயன்படாத 23ஐ மூடிவிடுதல் நன்று.

ட்ரங்க் துறையிலேதான் பலர் இடறுகின்றனர். புதிய வீலான் ஒன்றை அனுமதிப் பட்டியலிற் சேர்க்கும்போது ‘அட்’ என்னும் சொல்லை விட்டுவிட்டால், பழைய பட்டியல் முழுவதும் அழிந்து புதியது மாத்திரம் எஞ்சும். ஒரு சொற் குறைவினால் ஒரு கட்டடமே இணைப்பு இழந்துவிடும். இன்னொன்று: சீட்டு இல்லாது ட்ரங்க் வழியே வரும் சட்டகம் இயல்பு வீலானைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும். இவ்வெண் இரு முனையிலும் ஒன்றாக இல்லையெனில், ஒரு பிரிவின் சட்டகங்கள் மற்றதனுட் புகும்.

வீலான் வகுத்தவுடன் காவல் முற்றுப்பெற்றதென எண்ணுதல் கூடாது. இரு பிரிவினரும் இணையத்தை அடைய வழிச்செலுத்தி ஒன்று வேண்டும். அது, தடை விதிக்கப்படாதவிடத்து, 20இலிருந்து 10க்கும் சட்டகத்தினுள்ளிருக்கும் செய்தியைத் தாராளமாகக் கடத்திவிடும். எது செல்லலாம், எது செல்லலாகாது என்னும் விதிப்பட்டியலை அங்கே எழுதியபின்னரே அலுவலகத்துக் கதவு உண்மையில் மூடப்படுகின்றது. எமது கருத்தில், வீலான் எண்களைத் தெரிவதற்குச் செலவிடும் நேரத்திலும் இதற்கே கூடிய நேரம் தகும்.

அமைப்பை நிலையான நினைவகத்திற் சேமித்தலும் மறக்கற்பாலதன்று. சேமியாதவிடத்து, மின்சாரம் ஒருமுறை நின்று வந்ததும் துறைகள் யாவும் வீலான் 1க்கு மீளும். அலுவலகமும் கூடமும் பழையபடி ஒன்றாகிவிடும். ஆகவே வேலை தொடங்குமுன் கூடத்துக் கணினியிலிருந்து அலுவலகக் கணினிக்குப் பிங் அனுப்பிப் பதில் வருதலைக் கண்டுகொள்க. பகுத்தபின் ஒருமுறையும், ஆளியை அணைத்து ஏற்றியபின் ஒருமுறையும் அதனையே அனுப்புக. இவ்விரண்டு முறையும் பதில் வரலாகாது.