கறிவேப்பிலையைக் கொன்ற 80 டிகிரி

இந்த வார எபிசோட்ல தெர்மோஸ்டாட் சிப் பத்திப் பேசும்போது, "என் கறிவேப்பிலைச் செடி கதையை நியூஸ்லெட்டர்ல எழுதுறேன்"னு சொல்லியிருந்தேன். இதோ அது.

மாண்ட்ரியல் குளிர்ல கறிவேப்பிலை வளர்க்கிறது ஒரு தவம். ஜன்னலோரம் தொட்டி, அடியில 12 வோல்ட் வெப்பப் பாய். மண் ரொம்பச் சூடாகாம பார்த்துக்க எல்எம்75 வகை சிப் ஒண்ணு. விரல் நகத்தைவிடச் சின்னது.

இது எப்படி வேலை செய்யுது? சிலிக்கான் டிரான்சிஸ்டர்ல ஒரு டிகிரி ஏறினா, அதன் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் கிட்டத்தட்ட 2 மில்லிவோல்ட் குறையும். இந்த மாதிரி மாற்றத்தை அளந்து, சிப்பே எண்ணாக மாத்தி ஐ2சி கம்பிகள் வழியா கொடுத்துடும்.

அதோட நிக்கலை. உள்ளேயே ரெண்டு வரம்புகளை எழுதி வைக்கலாம். மேல் வரம்பைத் தாண்டினா ஒரு பின் நிலை மாறும். கீழ் வரம்புக்கு இறங்கினாத்தான் பழைய நிலைக்குத் திரும்பும். ஏன் ரெண்டு? ஒரே வரம்பு இருந்தா, வெப்பம் அந்த இடத்துலயே ஊசலாடி, ஹீட்டர் ஓயாம ஆன்-ஆஃப் ஆகிக்கிட்டே இருக்கும்.

நான் 24, 22-னு வச்சேன். லேப்டாப்பை இணைச்சு ஒரே ஒரு தடவை எழுதிட்டு, கழட்டிட்டேன். அந்தப் பின் ஒரு மாஸ்ஃபெட்டை இயக்கும், அது பாயை இயக்கும். மைக்ரோகண்ட்ரோலரே வேண்டாம்னு ஒரே பெருமை. குளிர்காலம் முழுக்க நல்லாவே ஓடுச்சு.

2023 ஏப்ரல் 5. உறைமழை. மரக்கிளைகள் பனிக்கட்டி பாரம் தாங்காம மின்கம்பிகள் மேல விழுந்து, கியூபெக்ல பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள்ல கரண்ட் போச்சு. எங்க வீட்டு ஹீட்டரும் மின்சாரம்தான். நான் நண்பர் வீட்டுக்குப் போயிட்டேன். செடி குளிர்ல போயிடுமோன்னுதான் கவலை.

சனிக்கிழமை திரும்பி வந்தேன். கரண்ட் எப்பவோ வந்திருக்கு. மண்ணைத் தொட்டா சுடுது! செடி குளிர்ல சாகலை, வேர் வெந்து செத்திருக்கு.

தப்பு என்னோடது. எல்எம்75-ல வரம்புகள் கரண்ட் இருக்கும்வரைதான் நினைவுல இருக்கும். கரண்ட் போய் வந்தா, அது தன் ஆரம்ப மதிப்புக்குப் போயிடும்: மேல் வரம்பு 80, கீழ் வரம்பு 75 டிகிரி. இது டேட்டாஷீட்லயே தெளிவா இருக்கு. கணினி மாதிரிக் கருவிகள் அதிகம் சூடாகாம காக்க அது சரியான எண். என் தொட்டிக்கு, "80 டிகிரி வரைக்கும் சூடாக்கு"ன்னு அர்த்தம்.

இப்போ டிஎஸ்1631ஏ வச்சிருக்கேன். டல்லஸ் செமிகண்டக்டர் வழி வந்த சிப். வரம்புகளையும், பின் எந்தப் பக்கம் மாறணும்ங்கிற அமைப்பையும் ஈஈப்ராம்ல வைக்கும். கரண்ட் போனாலும் மறக்காது. பேர்ல இருக்கிற அந்த 'ஏ' முக்கியம்: கரண்ட் வந்ததும் யாரும் சொல்லாமலே அளக்க ஆரம்பிக்கிற வகை அது. 'ஏ' இல்லாத டிஎஸ்1631 கட்டளைக்குக் காத்திருக்கும்.

செய்து பார்க்கிறவங்களுக்கு மூணு விஷயம்:

ஒண்ணு, சிப் அளக்கிறது தன் சொந்த உடம்புச் சூட்டைத்தான். மாஸ்ஃபெட் பக்கத்துல வச்சா மாஸ்ஃபெட் சூட்டைத்தான் சொல்லும். ஈரம் புகாம மூடி, மெல்லிய கம்பியில மண்ணுக்குள்ள வைங்க.

ரெண்டு, தனியா ஒரு தெர்மல் ஃபியூஸ் போடுங்க. சிப்போ மாஸ்ஃபெட்டோ பழுதானா அதுதான் காப்பாத்தும்.

மூணு, நம்ம ஊர் சுவரோர ஹீட்டர்கள் பெரும்பாலும் 240 வோல்ட். அதுல இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

எல்லாத்தையும் பொருத்தின பிறகு, பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பாருங்க. அன்னிக்கு நான் செய்யாத சோதனை அது ஒண்ணுதான்.

புதுச் செடியில இப்போ ஏழு இலைக் கொத்து. அம்மா போன்ல கேட்கிற முதல் கேள்வி, "செடி எப்படிடா இருக்கு?" நான் எப்படி இருக்கேன்ங்கிறது அதுக்கப்புறம்தான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!