மின்னாளுமையும் மக்கள் குரலும்

திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளை நாம் அனைவரும் அறிவோம். உதவித்தொகை வேண்டி வரும் முதியோர், பட்டாவில் பெயர் மாற்றக் கோரும் உழவர், சான்றிதழுக்காக அலைந்து சலித்த மாணவர் எனப் பலரும் கையில் மனுவுடன் வரிசையில் நிற்பர். மனு பெறப்பட்டதும் அதன்மேல் முத்திரை விழும். அதன்பின் அம்மனு எங்குச் சென்றது, எவர் மேசையில் தங்கியது, ஏன் தங்கியது என்பனவற்றை அறிய மனுதாரர்க்கு நெடுங்காலம் வழியேதும் இருந்ததில்லை. மீண்டும் வருவதும் மீண்டும் நிற்பதுமே அவர் அறிந்த வழியாக இருந்தது.

இந்த அலைச்சலைக் கணிப்பொறியும் இணையமும் போக்கிவிடும் என்னும் நம்பிக்கையிலிருந்தே மின்னாளுமை என்னும் துறை வளர்ந்தது. அந்நம்பிக்கை எவ்வளவு மெய்யாயிற்று? ஆய்வாளர் கண்டறிந்தவை யாவை? அவற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? இவற்றை இக்கட்டுரை சுருங்க ஆராய்கின்றது.

மின்னாளுமை என்பது யாது?

அரசின் பணிகளை மின்னணுக் கருவிகளின் வழியே மக்களிடம் கொண்டு சேர்ப்பதே மின்னாளுமை எனப் பொதுவாகக் கூறுவர். இதன் வளர்ச்சியைக் கேரன் லேன், ஜுங்வூ லீ என்னும் ஆய்வாளர் இருவர் 2001-ஆம் ஆண்டில் நான்கு படிகளாக வகுத்துரைத்தனர். செய்திகளை வெளியிடுதல் முதற்படி. விண்ணப்பம், கட்டணம் முதலியவற்றை இணையவழியே ஏற்றல் இரண்டாம் படி. மேல்நிலை அலுவலகத்தையும் கீழ்நிலை அலுவலகத்தையும் இணைத்தல் மூன்றாம் படி. வெவ்வேறு துறைகளை ஒன்றோடொன்று இணைத்தல் நான்காம் படி. இவை நான்கும் அரசு மக்களுக்குக் கொடுப்பதைப் பற்றியன. மக்கள் அரசுக்குச் சொல்வதைப் பற்றி இப்படிகள் பேசவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மக்களின் பங்கேற்பை அளக்க மற்றோர் ஏணி உண்டு. அமெரிக்க அறிஞர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-ஆம் ஆண்டில் எட்டுப் படிகள் கொண்ட பங்கேற்பு ஏணி ஒன்றை அமைத்துக் காட்டினார். அதன் அடிப்படியில் மக்கள் பங்கேற்பதுபோன்ற தோற்றம் மட்டுமே உண்டு. நடுப்படிகளில் மக்களுக்குச் செய்தி தரப்படும். அவர்களது கருத்தும் கேட்கப்படும். ஆயின் கேட்ட கருத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் ஆள்வோர்க்கு இல்லை. மேற்படிகளிலேதான் முடிவெடுக்கும் உரிமை மக்கள் கைக்கு வருகின்றது. கணிப்பொறி பரவாத காலத்தில் எழுந்த இவ்வேணி இன்றைய இணையச் சேவைகளை அளக்கவும் நன்கு பயன்படுகின்றது.

மேலூர் தந்த பாடம்

உலக ஆய்விதழ்களில் இடம்பெற்ற மின்னாளுமை முயற்சிகளுள் ஒன்று நம் மதுரை மாவட்டத்து மேலூர் வட்டத்தில் நிகழ்ந்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 2001-ஆம் ஆண்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் பிறரும் சேர்ந்து, 'சாரி' என்னும் சுருக்கப்பெயரால் அறியப்பட்ட திட்டத்தை அங்குத் தொடங்கினர். சென்னையில் உருவான கம்பியில்லாத் தொலைபேசித் தொழில்நுட்பத்தின் துணையால் சிற்றூர்களுக்கு இணைய இணைப்பு வந்தது. ஊர்தோறும் சிறு கணிப்பொறி நிலையங்கள் அமைந்தன. அவற்றுள் பலவற்றை உள்ளூர் இளைஞரே நடத்தினர்.

பிறப்பு, இறப்புச் சான்றுகளுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் உரிய விண்ணப்பங்கள் இந்நிலையங்களிலிருந்து மின்னஞ்சல் வழியே வட்டாட்சியர் அலுவலகத்தைச் சென்றடைந்தன. பேருந்துக் கட்டணமும் ஒருநாட் கூலியும் இழந்து பலமுறை நகருக்குச் சென்றுவந்தோர், சில ரூபாய்ச் செலவில் தம் ஊரிலிருந்தே விண்ணப்பித்தனர். இராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் என்னும் ஆய்வாளர் இருவர் இத்திட்டத்தை ஆராய்ந்து 2006-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். நிலையங்கள் அமைந்த ஊர்களிலிருந்து அரசுக்குச் சென்ற விண்ணப்பங்கள் பெருகியதை அவர்கள் கண்டனர். முன்னர்க் கேட்கத் தயங்கியோரும் வழி எளிதானபோது கேட்கத் துணிந்தனர் என்பது இதனால் விளங்கும்.

ஆயின் அவ்வாய்வின் மறுபாதி வருத்தம் தருவது. ஓராண்டு அளவில் அந்த அரசுச் சேவைகள் தளர்ந்து நின்றன. கருவி பழுதானமை இதற்குத் தலையாய காரணமன்று. தொடக்கத்தில் ஊக்கமளித்த அலுவலர் மாற்றலாகிச் சென்றனர். பின்வந்தோர்க்குப் போதிய பயிற்சியும் ஈடுபாடும் வாய்க்கவில்லை. மின்னஞ்சலில் வரும் விண்ணப்பத்திற்கு விடையளித்தல் அலுவலகத்தின் நிலையான கடமையாக ஆக்கப்படவுமில்லை. தொடங்கி வெற்றி கண்டு, பின் நிலைக்காமற்போகும் இவ்வகைத் தோல்வியை நிலைபேற்றுத் தோல்வி என்று ஆய்வாளர் குறித்தனர். தனிமனிதரின் நல்லெண்ணத்தால் பிறந்த சேவை, விதியாக மாறாதவரை அம்மனிதரோடு சென்றுவிடும் என்பதே மேலூர் தந்த பாடம்.

இது மேலூருக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்டு ஹீக்ஸ் 2003-ஆம் ஆண்டில் வளரும் நாடுகளின் மின்னாளுமைத் திட்டங்களை மதிப்பிட்டார். அவற்றுள் 35 விழுக்காடு முழுத்தோல்வி, 50 விழுக்காடு பகுதித்தோல்வி, 15 விழுக்காடு மட்டுமே வெற்றி என்பது அவர்தம் மதிப்பீடு. திட்டத்தை வரைந்தோர் மனத்திலிருந்த உலகிற்கும் அலுவலகத்தில் மெய்யாக இருந்த உலகிற்கும் இடையிலான தொலைவே தோல்வியின் வேர் என அவர் விளக்கினார்.

ஒரே கருவி, இருவேறு விளைவு

ஒரே வகைக் கருவி இடத்திற்கு ஏற்ப மாறுபட்ட பயன் தருவதை அண்டை மாநிலங்களிலும் காணலாம். கர்நாடக அரசின் 'பூமி' திட்டம் சுமார் 67 இலட்சம் உழவரின் ஏறத்தாழ 2 கோடி நிலப்பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றியது. கிராமக் கணக்கரிடம் காத்துக்கிடந்து பெற்ற பதிவுநகலை வட்ட அலுவலக நிலையத்தில் 15 ரூபாய் செலுத்திப் பெறும் நிலை வந்தது. பெயர்மாற்ற விண்ணப்பங்களை வந்த வரிசைப்படியே ஆராய வேண்டும் என்னும் விதி கணிப்பொறிக்குள்ளேயே அமைக்கப்பட்டது. இதனை வியந்து பாராட்டிய ஆய்வுகள் பல. எனினும், பதிவுகள் ஓரிடத்தில் குவிந்தமையால் சிற்றுழவரைவிடப் பெருநில வணிகர்க்கே நன்மை மிகுந்தது என்று 2007-ஆம் ஆண்டில் சாலமன் பெஞ்சமின் முதலியோர் பெங்களூர்ப் பகுதியை ஆராய்ந்து வாதிட்டனர். 'திட்டம் வென்றதா?' என்று கேட்பதோடு அமையாது, 'யாருக்கு வென்றது?' என்றும் கேட்க வேண்டும் என்பதை இது உணர்த்துகின்றது.

கைரேகை வழி அடையாளங்காணலும் இத்தகையதே. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் ஆகிய பொருளியல் ஆய்வாளர் மூவர், ஆந்திரத்தில் ஊரக வேலைத்திட்டக் கூலியும் ஓய்வூதியமும் கைரேகை அட்டை வழியே வழங்கப்பட்டதை ஆராய்ந்து 2016-ஆம் ஆண்டில் எழுதினர். பணம் விரைந்து கிடைத்தது. இடையில் களவுபோவது குறைந்தது. அங்கே அட்டை இல்லாதார்க்கும் பணம் வழங்கும் பழைய வழி அடைக்கப்படவில்லை. பின்னர் இவர்களே ஜார்க்கண்டு மாநில நியாயவிலைக் கடைகளை ஆராய்ந்தனர். அங்கே கைரேகை கட்டாயமாக்கப்பட்டது. களவு குறைந்ததாகத் தெரியவில்லை. ஆதார் எண்ணை முன்னர் இணைத்திராத 23 விழுக்காட்டுப் பயனாளிகள் பெற்றுவந்த பயன் சராசரியாக 10 விழுக்காடு குறைந்தது. உழைத்துத் தேய்ந்த விரலைக் கருவி அறியாவிடில் அரிசி யாருக்கு மறுக்கப்படும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கருவி தவறும்போது மாற்றுவழி இருந்ததா என்பதே ஓர் ஏழையின் அன்றைய உணவைத் தீர்மானிக்கின்றது.

குரலும் பல்லும்

இனி மக்களின் பங்கேற்பைக் காண்போம். இணையத்தில் குறைகளைப் பதிவு செய்ய வாய்ப்பளித்தால் அரசு செவிசாய்க்குமா? தியாகோ பெய்ஷோட்டோ, ஜொனாதன் ஃபாக்ஸ் என்னும் இருவர் பல நாடுகளைச் சேர்ந்த 23 குறைகேட்பு அமைப்புகளை ஆராய்ந்து 2016-ஆம் ஆண்டில் இவ்வினாவிற்கு விடை தேடினர். மக்கள் குரல் எழுப்பிய இடங்கள் பல. அரசு மெய்யாக விடையளித்த இடங்கள் சிலவே. குரலோடு பல்லும் வேண்டும் என்பது அவர்தம் கருத்தின் சாரம். பல் என்பது விடையளிக்காத அலுவலரைப் பொறுப்பேற்கச் செய்யும் ஆற்றல். அவ்வாற்றலைத் தருவன சட்டமும், மேலலுவலரின் கண்காணிப்பும், ஊரார் ஒன்றுகூடிக் கேட்கும் ஒற்றுமையுமே.

இதற்கு இராசத்தான் மாநிலம் நல்ல சான்று. அங்கு 1994-ஆம் ஆண்டு முதல் உழவர் தொழிலாளர் அமைப்பொன்று ஊர்ப் பொதுவிசாரணைகளை நடத்தியது. பணிநடந்த ஊரின் கூலிப்பதிவேடு மக்கள் முன்னிலையில் உரக்க வாசிக்கப்படும். இறந்தோர் பெயரிலும் வேலைசெய்யாதோர் பெயரிலும் கூலி எழுதப்பட்டமை அவ்விடத்திலேயே வெளிப்படும். இத்தகைய போராட்டங்களின் பயனாகவே 2005-ஆம் ஆண்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்தது. கேட்காமலே தகவலை வெளியிட வேண்டும் என்னும் அச்சட்டத்தின் நான்காம் பிரிவை நிறைவேற்றும் வகையில், 2019-ஆம் ஆண்டில் 'ஜன் சூசனா' என்னும் இணையத் தகவல் வாயிலை அம்மாநில அரசு திறந்தது. எத்தகவல் எவ்வடிவில் வேண்டும் என்பதை மக்கள் அமைப்பினரோடு கலந்துபேசியே அது வடிவமைக்கப்பட்டது. அங்கே மக்களின் கேள்வி முன்னே பிறந்தது. கணிப்பொறி பின்னே வந்தது.

எஸ்தோனியா என்னும் சிறிய ஐரோப்பிய நாடு மற்றொரு வகையில் வழிகாட்டுகின்றது. ஏறத்தாழ 13 இலட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் 2005-ஆம் ஆண்டு முதல் இணையவழி வாக்களிக்கலாம். 2023-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் இணையவழியே பதிவாயின. வாக்குமுறையினும் நம் கருத்தைக் கவர்வது வேறொன்று. தம்மைப் பற்றிய அரசுப் பதிவுகளைப் பார்த்த அலுவலகம் எது என்பதைக் குடிமக்கள் இணையத்தில் தாமே காணலாம், காரணமும் கேட்கலாம். அரசு மக்களைக் காண்பதுபோல மக்களும் அரசைக் காண்கின்றனர்.

மொழியும் நம் கடமையும்

தமிழ்த்துறையினராகிய நமக்கு இதில் தனிப் பங்கு உண்டு. 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 விசைப்பலகையை அரசு ஏற்றது. 2010-ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்றது. எழுத்துச் சிக்கல் பெரிதும் தீர்ந்தது. சொற்சிக்கல் தீரவில்லை. படிவத்தில் உள்ள தமிழ் பட்டதாரிக்கும் புரியாததாயின், அது பாமரர்க்கு யாங்ஙனம் பயன்படும்? 'நிராகரிக்கப்பட்டது' என்னும் ஒற்றைச் சொல்லோடு திரும்பும் விண்ணப்பத்தில், ஏன் என்பதும் இனி என் செய்வது என்பதும் எளிய தமிழில் இருத்தல் வேண்டும். வருமானச் சான்று உரிய நாளில் கிடைக்காமல் கல்வி உதவித்தொகையை இழந்த மாணவரை நாம் அறிவோம். காரணம் தெரிந்திருப்பின் ஒரே நாளில் திருத்தியிருக்கக்கூடிய பிழை அது.

இன்று தமிழகமெங்கும் இ-சேவை மையங்கள் உள்ளன. நம் மாணவரின் கைகளில் செல்பேசியும் உண்டு. தெருவிலுள்ள முதியவர் ஒருவர்க்கு விண்ணப்பம் நிரப்பித் தருதல், ஒப்புகை எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தல், உரிய நாளில் விடை வாராவிடில் மேல்முறையீட்டிற்கு வழிகாட்டுதல் ஆகியன சிறு பணிகளே. ஆயினும் திட்டத்தை வரைந்தோர்க்கும் மக்களுக்கும் இடையே ஹீக்ஸ் கண்ட தொலைவைச் சற்றேனும் குறைக்கும் பணிகள் இவை. சமுதாயப் பெரியோர் இதற்கு இடமும் ஊக்கமும் தருவாராயின் பயன் பன்மடங்காகும்.

முடிவாக, கணிப்பொறி மனுவை நொடியில் கொண்டுசேர்க்கும், விடையளிப்போர் மனிதரே. விடையளித்தலைக் கடமையாக்குவது சட்டம். அக்கடமையை நினைவூட்டுவது மக்களின் குரல். ஓர் அரசின் மின்னாளுமைச் சிறப்பை அளக்க விரும்புவோர் அதன் இணையத் தளங்களை எண்ண வேண்டியதில்லை. எழுத்தறியா மூதாட்டி ஒருவர் தம் உதவித்தொகை ஏன் நின்றது என்று கேட்டு, அதற்குரிய விடையைத் தமக்குப் புரியும் மொழியில், தம் ஊரிலேயே பெறுகின்றாரா என்று பார்த்தால் போதும். நாளை அலுவலர் இருக்கையில் அமரப்போகும் நம் மாணவர் இவ்வளவுகோலை மறவாதிருப்பாராக.